காற்று எழுந்திருக்கும் முன்னே

"ஐயா, இன்னா கயிறு இது? எந்தக் கோயில்ல கட்டினீங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். வாலாஜாபாத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். சட்டையில் குத்திக்கொள்ள நம்பர் கொடுத்துக்கொண்டிருந்த பெண், என் மணிக்கட்டைப் பார்த்துக் கேட்டாள். அங்கே அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுக் கயிறு. விரல் கனம். நுனியில் ஒரு குஞ்சம்.

காஞ்சிபுரத்துக்காரன் கையில் கயிறு இருந்தால் கோயில் கயிறு என்றுதானே நினைப்பார்கள்? அந்தப் பெண் மேல் தப்பில்லை.

"கோயில் இல்லம்மா. என் சாயப்பட்டறை" என்றேன்.

"இது கட்டினா இன்னா நல்லதுங்கய்யா?"

"நான் நடந்து வீடு போய்ச் சேருவேன்."

கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று சிரித்துவிட்டாள். பத்தடி தள்ளி என் மனைவி மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கயிற்றைத் திரித்துக் கட்டியவளே அவள்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்குத்தான் முதல் தடவை புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு — அதுவும் பரீட்சைக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். பதினொரு வயதில் ஒரு சாயப்பட்டறையில் அடுப்புக்கு விறகு தள்ளப் போனேன். இன்று சொந்தப் பட்டறை, நாலு செப்புக் கொப்பரை. கொதிக்கிற சாயத்தில் பட்டு நூலைத் தோய்த்து நிறம் ஏற்றுவது என் தொழில். அரக்குச் சிவப்பில் என்னை அடிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை... சரி, நான்தான் சொல்கிறேன். உண்மையைச் சொல்ல எதற்கு இன்னொரு ஆள்?

அறுபது வயதில் என் உடம்பைப் பார்த்த டாக்டர், தினமும் நடக்கச் சொன்னார். நான் ஓட ஆரம்பித்தேன். சொன்னதற்கு மேல் செய்தே பழக்கப்பட்டவன்.

அது ஆகிறது இரண்டு வருஷம். முதலில் ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும். பிறகு தெருமுனை வரைக்கும். பிறகு கிலோமீட்டர் கணக்கு. யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் நான் பிழைப்புக்காக இல்லாமல் செய்த முதல் காரியம் இந்த ஓட்டம்தான். அதனாலேயே அது என்னைப் பிடித்துக்கொண்டது.

துணைக்கு ஒருவர் கிடைத்தார். கன்னியப்பன். என் சம்பந்தி. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கிறார். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொண்டு செய்த கல்யாணம். ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் புழங்குகிற சம்பந்தி மரியாதை இருக்கிறதே... ஏழு தலைமுறை உறவெல்லாம் தோற்றுப்போகும்.

ஞாயிறுதோறும் தென்னேரி ஏரிக்கரையில் இருவரும் சேர்ந்து ஓடுவோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

நான் பெண் கொடுத்தவன். பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண் வீட்டார் பந்தியில் உட்காருவார்கள். பந்தியில் முந்தக் கூடாது, சரி. ஏரிக்கரையில்? இதற்கு எந்தப் பெரியவரும் முறை சொல்லி வைக்கவில்லையே!

எதற்கு வம்பு என்று அரையடி பின்னாலேயே ஓடினேன்.

கன்னியப்பன் திரும்பிப் பார்ப்பார். "சம்பந்தி, விட்டுக் குடுத்து ஓடுறீங்க. எனக்குத் தெரியுது. அது வாணாங்க."

"ஐயையோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க சம்பந்தி. நீங்க போங்க."

"நீங்க முன்னாடி வாங்க."

"நீங்கதான் முன்னாடி இருக்கணும்."

"அட, வாங்கன்னா!"

"நீங்க போங்கன்னா!"

இதையெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறதா... ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், இரண்டு கிழவர்கள் வாராவாரம் வந்து சண்டை போடுகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

உங்களிடம் ஒளிப்பானேன்? சில நாள் நான் பின்னால் ஓடியது மரியாதைக்காக. சில நாள் மூச்சு முட்டியதால். எந்த நாள் எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல வராது. பெண் கொடுத்தவனுக்கு இப்படி ஒரு வசதி.

ஆடி மாதம் வாலாஜாபாத் பந்தய அறிவிப்பு வந்தது. புரட்டாசிக் கடைசியில் ஓட்டம். உடனே இதே பக்கத்தில் எழுதினேன் — பத்து கிலோமீட்டரை எழுபத்தைந்து நிமிஷத்தில் முடிப்பேன் என்று. நினைவிருக்கிறதா? சிலர் கடிதம் போட்டு வாழ்த்தினீர்கள். ஒருவர் மட்டும் "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். அவர் பெயரை நான் மறக்கவில்லை.

பயிற்சிக்கு என் யோசனை ரொம்ப எளிமை. வெயில் கெட்டது. ஆகவே வெயிலுக்கு முன்னால் ஓடிவிட வேண்டும். நாலே முக்காலுக்கு எழுந்து, ஐந்து மணிக்கெல்லாம் ஷூ மாட்டி, ஓரிக்கை வழியாகப் பாலாற்றுப் பக்கம் கிளம்பிவிடுவேன். வெயில் இல்லை, புழுதி இல்லை, லாரி இல்லை. ராஜ ஓட்டம்!

ஆவணி மாதம் எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஒரு மழை, பகலில் ஒரு காய்ச்சல். விடியற்காலையில் ஒரு இலை அசையாது. இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் சட்டை சொட்டும். நாலாவது கிலோமீட்டரில் ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம். எனக்கோ ஒரே பெருமை. எவ்வளவு வியர்வை! அப்படியென்றால் எவ்வளவு உழைப்பு!

வீட்டுக்கு வந்ததும் பட்டறைத் தராசில் ஏறி நிற்பேன். நூல் மூட்டையை எடை போடுகிற பெரிய தராசு. போகும்போது எழுபத்திரண்டு கிலோ. வந்த பிறகு எழுபதே முக்கால்.

"மல்லிகா! ஒரே காலையில ஒண்ணேகால் கிலோ!"

மல்லிகா தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "போய்க் குளிங்க" என்றாள்.

அவள் அதிகம் பேசாமல் போனபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இறங்கின எடை மறுபடி ஏறிவிடக் கூடாதே என்று, ஒரு டம்ளர் தண்ணீரையே பாதி பாதியாகக் குடித்தேன். மறுநாளும் ஒரு கிலோ இறங்கியது. அதற்கு மறுநாளும். இந்தக் கணக்கில் போனால் தீபாவளிக்கு நான் காணாமலே போயிருக்க வேண்டும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஆவணி நடுவில் ஒரு ஞாயிறு. தென்னேரி ஏரிக்கரை. அன்றைக்கு என்னவோ ஒரு வேகம். சம்பந்தி மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு முன்னால் பாய்ந்தேன். ஐந்தாவது கிலோமீட்டரில் உடம்பு கொப்பரை மாதிரி கொதித்தது. ஆனால் கையைப் பார்த்தால் மயிரெல்லாம் குத்திட்டு நிற்கிறது. மார்கழிக் குளிரில் நிற்பதுபோல ஒரு சிலிர்ப்பு.

சூட்டில் எப்படிச் சிலிர்க்கும்? இதென்ன வேடிக்கை என்று யோசித்துக்கொண்டே இன்னும் நாலு எட்டு வைத்தேன்.

ஏரிக்கரை சாய்ந்தது. கரை எப்படிச் சாயும்? சாய்ந்தது நான்.

கண் திறந்தபோது ஒரு பனைமரத்தடியில் கிடந்தேன். கன்னியப்பன் தன் துண்டை ஏரியில் நனைத்து நனைத்து வந்து என் தலையிலும் கழுத்திலும் பிழிந்துகொண்டிருந்தார். அந்த நேரத்திலும் மரியாதை குறையவில்லை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு மடையருங்க."

மடையருங்க! இவ்வளவு மரியாதையான வசவை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அரை நாள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர், "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். மல்லிகாவின் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மல்லிகா சாதாரண நாளில் என்னிடம் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் அந்த 'ங்க' காணாமல் போகும். அன்றைக்கு அது ஊரை விட்டே போய்விட்டது.

"இன்னா, ஒண்ணேகால் கிலோ கொறஞ்சியா? கொழுப்பு கரையுதுன்னு நெனச்சிக்கினு இருந்தியா? தண்ணிய்யா அது! தண்ணி!"

நான் குனிந்து ஷூவைக் கழற்றினேன்.

"நூல்ல தண்ணி தெளிச்சி எடை கூட்டி எடுத்துக்கினு வர்றவனை, தராசே வாணாம், கையில தொட்டே புடிப்பியே. 'இதுல நூறு கிராம் ஈரம்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவியே. உன் உடம்புலேந்து ஈரம் போனது உனக்குத் தெரியலையா?"

வாசகர்களே, ஐம்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு அடியை நான் வாங்கியதில்லை. பட்டு, ஈரத்தைக் குடிக்கிற ஜாதி. ஒரே நூல் ஐப்பசி மழையில் எடை கூடும், சித்திரையில் குறையும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஈரத்தை எடை என்று காட்டி இதுவரை ஒரு ஆள் என்னை ஏமாற்றியது கிடையாது. ஏமாற்றிய முதல் ஆள் நானேதான்.

மல்லிகா என் ஷூவை எடுத்துச் சாய டப்பாக்கள் வைக்கிற அறையில் போட்டுப் பூட்டினாள். சாவி அவள் இடுப்புக்குப் போயிற்று.

"இன்னொரு வாட்டி நீ விழுந்து நான் பாத்தன்னா, இந்த ஷூ கொப்பரைக்குக் கீழ அடுப்புக்குப் போவும். அதோட சரி, ஓட்டம்."

சொன்னால் செய்கிறவள். அவளுக்கு நான் பயப்படுகிறேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். பயம் அவள் மேல் இல்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு ஆசை வந்திருக்கிறது. அது அடுப்புக்குப் போய்விடக் கூடாது. அவ்வளவுதான்.

பத்து நாள் ஓட்டம் இல்லை. கால் ஓடாதபோது மண்டை ஓடியது.

தண்ணீர் குடிக்காதது என் தப்பு. ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. வெயிலே இல்லாத நேரத்தில் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? ஐம்பது வருஷம் கொதிக்கிற கொப்பரை பக்கத்தில் நின்றவன் நான். அடுப்பு, ஆவி, கத்திரி வெயில் — எதிலும் விழாதவன், பால் போல விடிகிற ஒரு காலையில் எப்படி விழுந்தேன்?

ஒரு நாள் படுக்கப் பிடிக்காமல் ஐந்தரைக்கே பட்டறைக்குள் போனேன். முந்தின நாள் அலசிப் பிழிந்த கழிகள் இருந்தன. கழி என்றால் சுற்றிக் கட்டின நூல் கற்றை. சும்மா இருப்பானேன், மூங்கில் கொம்பில் மாட்டிவிடலாம் என்று ஒன்றைக் கையில் எடுத்தேன்.

எங்கள் பட்டறையில் சாயம் என் துறை. உலர்த்துவது மல்லிகாவின் துறை. காபியோடு வந்தவள் வாசலிலிருந்தே கத்தினாள்.

"அதுக்குள்ள ஏங்க மாட்டுறீங்க? காத்து இன்னும் எழுந்திரிக்கல!"

('ங்க' திரும்பி வந்துவிட்டது, கவனித்தீர்களா?)

காத்து எழுந்திரிக்கல. தினமும் காதில் விழுகிற வார்த்தை. எங்கள் பட்டறையில் கொம்பில் நூல் ஏறுவது காலை எட்டு மணிக்கு மேல். அதற்கு முன்னால் மாட்டினால் காயாது. ஈரம் கீழே இறங்கிக் கழியின் மேல்பக்கம் ஒரு நிறமும் அடிப்பக்கம் ஒரு நிறமும் ஆகிவிடும். வெயிலிலும் போட மாட்டோம், நிறம் வெளுக்கும். நிழல் வேண்டும், காற்று வேண்டும். அதற்குத்தான் காற்று எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருப்பது.

ஈரக் கழியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாங்க, மறுபடியும் தலை சுத்துதா?"

"மல்லிகா... நூலைக் காய வெக்கிறது வெயிலா, காத்தா?"

"காத்துதான். இது ஒரு கேள்வியா?"

"அப்போ என் வேர்வையைக் காய வெக்கிறது?"

மல்லிகா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அன்றைக்கே ஆரம்பித்தோம். ஒரே எடையில் மூன்று கழிகள். ஒரே மாதிரி நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, நிழலில் மாட்டுவது. விடியற்காலை ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஆறுக்கு ஒன்று. காய்ந்ததா என்று மல்லிகா கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஈரத்தைக் கையை விடக் கன்னம் சரியாகச் சொல்லும். நாலு நாள் இதே வேலை. எதிர்வீட்டுத் தறிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, எதுனா புது கலரா?" என்றார். "புது ஆராய்ச்சி" என்றேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் ஆராய்ச்சி பண்ணக் கூடாதா?

ஐந்து மணிக் கழி, நான் வழக்கமாக ஓடித் திரும்புகிற நேரம் வரைக்கும் போட்டது போட்டபடி கிடந்தது. எட்டு மணிக் கழி பரவாயில்லை. அதிசயம் சாயங்காலக் கழிதான். பகல் பூராவும் வெந்த ஊர், உடம்புக்கு விடியற்காலையை விடச் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்நேரத்துக்குக் கிழக்கேயிருந்து கடல் காற்று காஞ்சிபுரம் வந்து சேர்கிறது. அரை மணியில் கழி பொசுபொசுவென்று ஆகிவிட்டது!

விடியற்காலையில் என் வியர்வை ஏன் ஷூவரைக்கும் வழிந்தது என்று அப்போதுதான் புரிந்தது. காய வழியில்லாமல் வழிந்திருக்கிறது. உடம்பில் ஊறுகிற வியர்வை அங்கேயே காய்ந்தால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தரையில் சொட்டுகிற வியர்வை, வேலைக்கு வந்துவிட்டு வேலை செய்யாமல் போகிற ஆள். அந்த ஆட்களை எண்ணித்தான் நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கொப்பரைக் கேள்விக்கும் பதில் கிடைத்தது. பட்டறையில் சூடு தாங்கவில்லை என்றால் கொப்பரையை விட்டு நாலடி தள்ளி நிற்கலாம். ஓடும்போது? கொப்பரையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டல்லவா ஓடுகிறேன்! அடுப்பும் நான், விறகும் நான். எங்கே தள்ளி நிற்பது?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பட்டறைக்குப் புதிதாக வருகிறவரை முதல் பத்து நாள் நான் முழு நேரம் கொப்பரை பக்கத்தில் விட மாட்டேன். அரை மணி, ஒரு மணி என்று மெதுவாகக் கூட்டுவேன். உடம்பு சூட்டுக்குப் பழகட்டும் என்று. அடுத்தவர் உடம்புக்குத் தெரிந்திருந்த விதி, என் உடம்பென்று வந்ததும் மறந்துவிட்டது. பெரிய ஆளில்லையா!

என்னைப் பார்க்கக் கன்னியப்பன் வந்தபோது இதையெல்லாம் கொட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இதை எங்கிட்ட கேட்டிருக்கலாமே சம்பந்தி. விடியக்கால களத்துல நெல்லைப் பரப்பிப் பாருங்க. ஈரம் ஏறும், இறங்காது. பனி காஞ்ச பின்னாடிதான் நாங்க பரப்புவோம்."

"அப்போ நாம ரெண்டு பேரும் ஏங்க அந்த நேரத்துல ஓடினோம்?"

கன்னியப்பன் மோவாயைத் தடவினார். "செல்போன்ல ஒருத்தர் சொன்னாருங்க..."

நூலைக் காய வைத்துச் சாப்பிடுகிறவன் ஒருவன். நெல்லைக் காய வைத்துச் சாப்பிடுகிறவர் ஒருவர். இரண்டு பேரும் சேர்ந்து, எதுவுமே காயாத நேரமாகப் பார்த்து ஓடியிருக்கிறோம்! தொழிலில் இருக்கிற புத்தியைக் கழற்றிப் பட்டறை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் நாமெல்லாம் வெளியே கிளம்புகிறோமோ?

மல்லிகா ஷூவை எடுத்துக் கொடுத்தாள். சாவியைக் கொடுக்கவில்லை. ஓடிவிட்டு வந்ததும் ஷூ மறுபடி அறைக்குள் போய்விட வேண்டும். சாயங்காலம் கடல் காற்று வந்த பிறகு ஓட்டம். வழியில் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட மோர். பேசிக்கொண்டே ஓடுகிற வேகம், அதற்கு மேல் கிடையாது. எனக்குப் பேசுவதில் சிரமமே இல்லையாதலால் அது சுலபமாக இருந்தது.

ஒரே ஒரு வில்லங்கம் மிச்சம்.

"பந்தயம் எத்தினி மணிக்கு?" என்று மல்லிகா கேட்டாள்.

"காலையில அஞ்சரைக்கு."

"காத்து எழுந்திரிக்காதே."

"எழுந்திரிக்காது. அதுக்கும் உடம்பு பழகணும், வாரத்துல ரெண்டு காலை மெதுவா ஓடிக்கிறேன்."

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவள், என் அரக்குச் சிவப்பிலேயே கொஞ்சம் நூல் எடுத்து, திரித்து, குஞ்சம் வைத்து என் மணிக்கட்டில் கட்டினாள்.

"ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு வாட்டி இந்தக் குஞ்சத்தைப் புழிஞ்சி பாருங்க. சொட்டலைன்னா ஓடுங்க. ஒரு சொட்டு விழுந்துச்சின்னா நடங்க. சம்பந்தி முன்னாடி போனாலும் சரி, பின்னாடி போனாலும் சரி. சத்தியம் பண்ணுங்க."

"எழுபத்தஞ்சு நிமிஷம்னு புக்குல எழுதியிருக்கேன் மல்லிகா..."

"நான் எழுதலையே."

சத்தியம் பண்ணினேன்.

ஆக, போன ஞாயிறு. கூட்டத்தில் கன்னியப்பன் என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னார். "சம்பந்தி, இந்த வாட்டி விட்டுக் குடுக்கக் கூடாது. நம்ம பேரப்பிள்ளை மேல சத்தியமா ஓடணும்." ஒரே ஓட்டத்துக்கு எத்தனை சத்தியம்தான் தாங்குவான் மனுஷன்?

திருமுக்கூடல் பக்கம் போகிற சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். இரண்டாவது கிலோமீட்டரில் பிழிந்தேன். சொட்டவில்லை. நாலில் பிழிந்தேன். ஈரம், ஆனால் சொட்டவில்லை. திரும்புகிற இடத்தில் வாட்ச்சைப் பார்த்தால் முப்பத்தாறு நிமிஷம். கன்னியப்பன் எனக்கு முப்பதடி பின்னால்! எழுபத்தைந்து என்ன, எழுபத்துமூன்றிலேயே முடிப்பேன் போலிருக்கிறதே! இந்த வாரம் இந்தப் பக்கத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஆறாவது கிலோமீட்டர். பிழிந்தேன்.

ஒரு சொட்டு.

சுத்தமான சொட்டு. சிவப்பு இல்லை. (என் சாயம் ஒழுகாது, அதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.)

ஒரே ஒரு சொட்டுதானே? மல்லிகா நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறாள். யார் பார்த்தது? இந்தச் சொட்டு வியர்வையா, தண்ணீர் குடித்தபோது மேலே சிந்தினதா? மறுபடி பிழிந்தேன், மனசு கேட்காமல். இரண்டு சொட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். சாலையோரப் பனையில் ஒரு ஓலை அசையவில்லை. காற்று தூங்கிக்கொண்டிருந்தது.

ஈர நூலைக் கொண்டு வந்து "ஒரு சொட்டுதானேண்ணா" என்று பல்லைக் காட்டியவர்களை நான் என்ன பேச்சு பேசியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

நடந்தேன்.

பின்னால் காலடிச் சத்தம். கன்னியப்பன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா சம்பந்தி, உடம்புக்கு எதுனா?"

"ஒண்ணுமில்லீங்க, நல்லாருக்கேன். நீங்க போங்க."

"விட்டுக் குடுக்குறீங்களா?"

"ஐயையோ, இல்லீங்க."

"அப்போ வாங்கன்னா!"

"நீங்க போங்கன்னா!"

போய்விட்டார். அதன் பிறகு யார் யாரோ போனார்கள். ஒரு பெண்மணி, "அங்கிள், கமான், உங்களால முடியும்!" என்றார். முடியும் என்பதுதானம்மா பிரச்சினையே.

நடை, கொஞ்சம் ஓட்டம், பிழி, மறுபடி நடை. எட்டாவது கிலோமீட்டரில் சொட்டு. ஒன்பதில் சொட்டு. கடைசி அரைக் கிலோமீட்டர் இருக்கும். கையில் என்னவோ ஊர்ந்த மாதிரி இருந்தது. பார்த்தால், குஞ்சம் ஆடுகிறது. காற்று அரைத் தூக்கத்தில் புரண்டு படுத்திருக்கிறது! அந்த அரைக் கிலோமீட்டரை நான் ஓடிய ஓட்டம்... அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தொண்ணூற்றுமூன்று நிமிஷம். "பார்க்கலாம்" என்று எழுதியவரே, பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா டைமிங் கேட்கவில்லை. என் கையை இழுத்துக் குஞ்சத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எத்தினியாவது கிலோமீட்டர்ல?"

"ஆறுல."

"ஆறுலேந்தா நடந்தீங்க? சம்பந்தி முன்னாடி போயும்?"

"சத்தியம் பண்ணினேனே."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். ஐம்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பொன்னாடைகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தச் சாவியை அதோடு சேர்க்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

கன்னியப்பன் எழுபத்தெட்டில் முடித்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வைக்கோல் மாதிரி உடம்பு, அதே காற்றில்லாத காலையில் சட்டை பாதிதான் நனைந்திருந்தது. அது எப்படி? எனக்கு இன்னும் புரியவில்லை. அடுத்த ஞாயிறு அவர் கையிலும் ஒரு குஞ்சம் கட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்குள் அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். மோர் டம்ளரோடு வந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் வீட்டார் அத்தனை பேருக்கும் நடுவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வாணாம் வாணாம்னு எவ்ளோ சொன்னேன் சம்பந்தி. புக்குல அவ்ளோ எழுதிட்டு, முப்பதடி முன்னாடி போயிக்கினு இருந்தவரு, எனக்காக நடந்தீங்களே! பொண்ணு குடுத்த எடம்னா இப்பிடி இருக்கணும்!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோபுரத்தைப் பார்ப்பதுபோல. மல்லிகாவும் பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு மாதிரி. நான் லேசாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஓடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வெயில் எழுந்ததா என்று பார்க்காதீர்கள், காற்று எழுந்ததா என்று பாருங்கள்.

மற்றபடி... சம்பந்தி இந்தப் பத்தியை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவர். இந்த வாரம் பத்திரிகை வரவே இல்லை என்று சொல்லச் சொல்லி மகளிடம் கெஞ்சியிருக்கிறேன் — வாலாஜாபாத் வாசகர்களே, நீங்களும் கொஞ்சம் வாயைத் திறக்காமல் இருங்கள்!